முட்டுக்கட்டை போட்ட வீடு

கருவேலங்குளத்துக்கு மேற்கே, நாலு வழிச் சாலையை ஒட்டினாப்புல ஒரு காங்கிரீட் பிளாண்ட் உண்டு. வெயில் ஏறுகிற நேரத்திலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அங்கேயிருந்து லாரிகள் வயிற்றில் கலவையைச் சுமந்துகொண்டு, வயிற்றைச் சுற்றிச் சுற்றி உருட்டிக்கொண்டு, ஊர் ஊராய்ப் போகும். போன இடத்தில் வீட்டுக்குத் தளமும் பாலத்துக்குக் காலும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பிள்ளை பெற்றவள் மாதிரி வயிறு வற்றித் திரும்பி வரும். அப்படித் திரும்பி வருகிற லாரிகளின் வயிற்றைக் கழுவிவிடுகிற வேலை குருவம்மாவுக்கு. புருசன் போய்ச் சேர்ந்து, ஒரே மகளையும் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டு, வாடகை வீடு வாடகை வீடாய்ச் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவள் அவள். தண்ணீர் பீச்சுகிற ரப்பர் ஓஸைக் கையில் பிடித்து நின்றால், எந்த லாரி எந்த ஊருக்குப் போய் வந்தது என்று சக்கரத்து மண்ணைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

அவள் கழுவிவிட்ட தண்ணீர், சாம்பலைக் கரைத்த பால் மாதிரி, வாய்க்கால் வழியாய் ஓடி முதல் தொட்டியில் விழும். மணலும் ஜல்லியும் அங்கேயே அடியில் தங்கிவிடும். அது வழிந்து இரண்டாம் தொட்டிக்குப் போனால் சிமெண்டுப் பால் மெள்ள மெள்ளக் கீழே உட்காரும். மூன்றாம் தொட்டிக்கு வந்து சேர்கையில், முகம் பார்க்கலாம் போலத் தெளிந்து கிடக்கும். அந்தத் தண்ணீரை மோட்டார் போட்டு இழுத்து அடுத்த கலவைக்கு ஊற்றுவார்கள். அந்தக் கலவையைச் சுமந்த வயிற்றைக் குருவம்மா கழுவுவாள். கழுவின தண்ணீர் திரும்பவும் தொட்டிக்கு வரும். வந்தது போகும், போனது வரும், ஒரு சொட்டு வாசலைத் தாண்டி வெளியே போகாது. மிஞ்சித் திரும்பின கலவையையும் வீணாக்குவதில்லை. அச்சில் ஊற்றிக் கல்லாக்கி அடுக்கிவைப்பார்கள். வேலை செய்கிறவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்தத் தொட்டிகள் ஆதியில் கிடையாது. ஆதியில் குருவம்மா கழுவின தண்ணீர் அத்தனையும் வாசலைத் தாண்டி ஓடைக்குத்தான் போனது. ஓடைக்கரை மேட்டில் வீடு கட்டிக்கொண்டு, வீட்டுக்கு முன்னால் கீரைப் பாத்தி போட்டுப் பிழைத்துவந்தவள் சொர்ணக்கிளி. ஆள் நல்ல கனம், வாய் அதைவிடக் கனம். ஓடைத் தண்ணீரை இறைத்துப் பாய்ச்சின ஒரு காலையில், பாத்தி முழுக்கச் சிறுகீரையும் தண்டங்கீரையும் சுண்ணாம்பு தடவினாப்புல வெளுத்து வெந்து கிடந்தது. அவள் அழவில்லை. வெந்த கீரையை மடி நிறையப் பறித்துக் கட்டிக்கொண்டு போய், பிளாண்ட் வாசலில் லாரி போகிற தடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். லாரிகள் நின்றன. ஹாரன் அடித்தன. அவள் வெற்றிலை போட்டாள். கடைசியில் மானேஜர் எபனேசர் சார் இறங்கிவந்து, அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, மடியிலிருந்த கீரையைக் கையில் வாங்கிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் தொட்டிக்குக் குழி வெட்டினார்கள்.

பாத்தி திரும்பப் பச்சை கட்டிவிட்டது. சொர்ணக்கிளியின் கோபம் மட்டும் வெளுத்தபடியே நின்றுபோனது, அதுவும் குருவம்மா மேல். கம்பெனிதானே செய்தது, அவள் என்ன செய்வாள் என்று கேட்டவர்களுக்குச் சொர்ணக்கிளி ஒரே பதில் வைத்திருந்தாள்.

"கம்பெனிக்கு மூஞ்சி கிடையாது. ஓஸைப் பிடிச்ச கைக்கு மூஞ்சி இருக்குல்ல?"

குருவம்மாவும் விட்டுக்கொடுக்கவில்லை. ஓஸைப் பிடி என்றார்கள், பிடித்தேன், இதில் என்ன குத்தம் என்று நின்றாள். முறைக்கு இரண்டு பேரும் மதினி, கொழுந்தி. பேச்சு அற்றுப்போயிற்று.

இப்படி இருக்கையில்தான் தேரோட்டம் வந்தது.

தேரோட்டத்தன்றைக்கு எந்தப் பக்கம் லாரி போகக்கூடாது என்று போலீஸ் சொல்லியிருந்ததோ, அந்தப் பக்கமாகவே பிளாண்ட் டிரைவர் மலையரசன் கலவை லாரியை விட்டான். அவன் அப்படித்தான், குறுக்கு வழி என்று ஒன்று இருந்தால் அவன் சக்கரம் தானாகத் திரும்பும். கீழரத வீதிக்குள் நுழைந்தவனுக்கு முன்னால் தேர், பின்னால் சனம். முன்னே போகவும் முடியாது, பின்னே எடுக்கவும் முடியாது. தேர் நின்று நின்று அசைகிறது, வெயில் கொளுத்துகிறது, வயிற்றுக்குள் கலவை இறுக ஆரம்பித்தால் லாரி வயிற்றை அறுத்துத்தான் போட வேண்டும். சீனி போட்டால் கலவை சீக்கிரம் இறுகாது என்று லாரி ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். மலையரசன் இறங்கி, "அண்ணாச்சி, சீனி இருந்தா கொடுங்க, என் பொழப்பு கல்லாகப் போகுது" என்று வீதியில் கையேந்தினான். தேரோட்டத்தன்று சீனிக்கு எங்கே போவது? பானகப் பந்தல்தான் இருந்தது. வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் எலுமிச்சையும் கரைத்து அண்டா அண்டாவாய் வைத்திருந்தார்கள். சாமிக்குப் படைத்ததை லாரிக்கு ஊற்றுவதா என்று ஒருத்தர் இழுத்தார். தாகம் யாருக்கு வந்தால் என்ன, ஊற்று என்று இன்னொருத்தர் அண்டாவைத் தூக்கினார். ஏணி வைத்து ஏறி, வரிசையாய்க் கைமாற்றி, லாரியின் வாய்க்குள் ஊற்றினார்கள். வயிறு சுற்றியது, மேளம் அடித்தது, மேளத்துக்குத் தகுந்தாப்புல வயிறும் சுற்றியது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். தேர் நிலைக்கு வந்து சேர்கிற மட்டும் கலவை இறுகவே இல்லை.

பானகம் குடித்த கலவையை வீட்டுக்குப் போட முடியாது என்று எபனேசர் சார் பிளாண்டுக்கே திருப்பச் சொல்லிவிட்டார். குருவம்மா கழுவினாள். கழுவக் கழுவச் சுக்கு வாசம் தூக்கியது. தண்ணீர் மூன்று தொட்டியும் இறங்கித் தெளிந்தது, தெளிந்து கலவைக்குப் போனது, போய்த் திரும்ப வந்தது. வேறு இடமாக இருந்தால் அந்தத் தண்ணீர் ஓடையோடு போயிருக்கும், தேரோட்டமும் அதோடு முடிந்திருக்கும். இங்கேதான் ஒரு சொட்டும் வெளியே போகாதே. அதனால் தேரோட்டமும் வெளியே போகவில்லை.

முதலில் தெரியவந்தது டீக்கடையில். கடை முன்னால் அந்தக் கலவையில் புதிதாய்ப் போட்டிருந்த காங்கிரீட் பெஞ்சு வெயிலில் கிடந்தது. ஒருத்தன் விளையாட்டுக்கு அதில் கயிற்றைக் கட்டி, நாலு பேர் பிடித்து, தேருக்குச் சொல்கிற மாதிரி ஓங்கிக் குரல் கொடுத்து இழுத்தான். எருமை எழுந்து நடக்கிற மாதிரி பெஞ்சு நிதானமாய் அசைந்து, வேப்பமர நிழலுக்குப் போய் நின்றது. உட்கார்ந்திருந்த பெரியவர் கையில் டீ சிந்தவில்லை. எல்லோரும் நிழலில் உட்கார்ந்து, இது முன்னமே தெரிந்திருந்தால் இத்தனை வெயில் குடித்திருக்க வேண்டாமே என்று பேசிக்கொண்டார்கள். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து காலையில் பெஞ்சு மேற்கே இருக்கும், சாயங்காலம் கிழக்கே இருக்கும்.

பிறகு பஸ் ஸ்டாப்பு. கட்டினது ஒரு இடத்தில், பஸ் நிற்பது ஒரு இடத்தில். காலகாலமாய்ச் சனம் பையைத் தூக்கிக்கொண்டு ஓடும். பஸ்காரனிடம் கேட்டுக் கேட்டு அலுத்தவர்கள், ஒரு ஞாயிற்றுக்கிழமை வடத்தைக் கட்டி, அதே இடத்தில் இந்தக் கலவையால் புதிதாய்க் கட்டின ஸ்டாப்பையே பஸ் நிற்கிற இடத்துக்கு இழுத்துவந்துவிட்டார்கள். கோயில் தேர் வடத்துக்கு முதல் கை யாருடையது என்று முறை உண்டு, முறைக்குச் சண்டையும் உண்டு. பஸ் ஸ்டாப்பு வடத்துக்கு எந்த முறையும் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அதனால் எல்லாத் தெருவும் பிடித்தது, பிளாண்டில் வேலை பார்க்கிற ஒரிசாப் பிள்ளைகளும் பிடித்தார்கள், நாத்தனார் பக்கத்தில் நாத்தனார் நின்று பிடித்தாள். வடம் பிடித்து முடிந்ததும் சுண்டல் கொடுத்தார்கள். சுண்டலுக்காகவே இன்னும் எதையாவது இழுக்க வேண்டும் என்று ஊர் தேட ஆரம்பித்தது.

எபனேசர் சார் மட்டும் கலவையைச் சின்னச் சின்னப் பெட்டியாய் வார்த்து, எந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தார். பலம் குறையவில்லை, ஒரு பங்கு கூடவே இருந்தது. "பலத்துக்கு டெஸ்ட் இருக்கு, பாஸாயிருச்சு. நகருறதுக்குன்னு டெஸ்ட் எதுவும் இல்லையே" என்று குருவம்மாவிடம் சொல்லிவிட்டு, அவரும் பெஞ்சு நிழலில் டீ குடிக்கப் போனார்.

அந்தக் கலவையில், அந்தக் கல்லில்தான் குருவம்மா தன் வீட்டைக் கட்டினாள். அஸ்திவாரம் அதில், சுவர் அதில், மலையரசன் மிச்சக் கலவையைக் கொண்டுவந்து ஊற்றிக் கொடுத்த தளமும் அதில். ஒரு அறை, ஒரு அடுப்படி, ஒரு சன்னல். இனி யார் சொன்னாலும் சட்டிபானையைத் தூக்க வேண்டாம் என்று முதல் நாள் தரையில் கையைக் காலை நீட்டிப் படுத்துப் பார்த்தாள். ஒரே ஒரு தப்புத்தான் செய்தாள். வீடு கட்ட ஊர் காட்டின இடம் மேட்டில், சொர்ணக்கிளி வீட்டுக்குப் பக்கத்தில். அவள் மூஞ்சியில் முழிக்கிறதுக்குப் பள்ளத்தில் கிடக்கலாம் என்று, வீம்புக்கு ஓடையை ஒட்டிக் கட்டிவிட்டாள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் சர்வேயர் வந்தார். சங்கிலியைப் பிடித்து அளந்து, வீட்டுக்குப் பின்னால் போய் நின்று, முன்னால் வந்து நின்று, தலையைச் சொறிந்தார். வீடு முழுசும் ஓடைக்குள் இருந்தது. தண்ணீர் போகிற தடம், விட முடியாது, மழைக்குள் இடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டு, சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டார். கோடு போடுகையில் அவர் குருவம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஓடை கேட்பதிலும் நியாயம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தண்ணீரோடு பிழைக்கிறவளுக்கு அது தெரியாமல் இருக்குமா? ஆனால் மறுபடியும் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது?

சேதி பிளாண்டுக்குப் போனது, டீக்கடைக்குப் போனது, எல்லாத் தெருவுக்கும் போனது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று ஊர் கேட்டது. மேட்டில்தான் ஊர் காட்டின இடம் இன்னும் காலியாய்க் கிடக்கிறதே, இழுத்து வைத்துவிடுவோம். வீடு என்ன பஸ் ஸ்டாப்பைவிடப் பெரிசா?

குறித்த நாளில் தேர்வடம் மாதிரி இரண்டு வடத்தைக் கட்டினார்கள். தேருக்கு முட்டுக்கட்டை போடுகிற மாடக்கண்ணு, சக்கரத்துக்கு அண்டைகொடுத்துத் தேரைத் திருப்புகிற அந்த மரக்கட்டைகளோடு வந்து நின்றார். பாரம் குறையட்டும் என்று வீட்டிலிருந்த சாமானையெல்லாம் வெளியே எடுத்துவைத்தார்கள். கட்டில், கிரைண்டர், டிவி, மிளகாய் டப்பா வரைக்கும் எடுத்துவிட்டுத் துடைத்த மாதிரி ஆக்கினார்கள். பிறகு எல்லோரும் பிடித்து, குரல் கொடுத்து, இழுத்தார்கள். வடம் விறைத்தது, குதிகால் மண்ணில் புதைந்தது, ஒரிசாப் பிள்ளைகளின் நரம்பெல்லாம் புடைத்தது. வீடு மூச்சுக்கூட விடவில்லை.

மேட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கீரையை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள் சொர்ணக்கிளி. யாரையும் பார்த்துச் சொல்லாமல், கீரைக்குச் சொல்கிற மாதிரி, "சோறு தின்னுட்டு வந்து இழுக்கணும்" என்றாள்.

மாடக்கண்ணு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். பார்த்தவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"சாமி இல்லாத தேர எவன்யா இழுப்பான்? இழுத்தாத்தான் அது வருமா? உள்ள ஆளை ஏத்துங்கய்யா."

சாமான்களெல்லாம் திரும்ப உள்ளே போயின. குருவம்மாவைப் போய் உட்காரச் சொன்னார்கள். அவள் கூசினாள். நான் என்ன சாமியா, தாலி அறுத்தவள் போய் எழுந்தருளினால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா என்றாள். வீடு உன்னுடையது, அதற்கு நீதான், பேசாமல் உட்கார் என்று மலையரசன் அவளைக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டான். யாரோ லாரி முன்னால் கட்டியிருந்த கதம்பத்தை அவிழ்த்துவந்து கதவில் போட்டார்கள். வேலைச் சேலையோடு, சிமெண்டுச் சாம்பல் ஒட்டின கையை மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்தாள் குருவம்மா. வடம் விறைத்தது. சனம் குரல் கொடுத்தது.

வீடு எழுந்தது. தூக்கத்திலிருந்து எழுகிற பிள்ளை மாதிரி ஒருதரம் நெளிந்து, மண்ணை உதறி, ஒரு முழம் முன்னால் வந்தது. வந்த வேகத்தில் கட்டில் பக்கமாய்ச் சாய்ந்தும் விட்டது. கட்டில், கிரைண்டர், குருவம்மா எல்லாம் ஒரே பக்கம். எதிர்ப் பக்கம் வெறும் சுவர். விடு, விடு, கவிழ்ந்துவிடும் என்று வடத்தை விட்டார்கள். கிரைண்டரை நகர்த்திப் பார்த்தார்கள், போதவில்லை. கல்லைத் தூக்கி உள்ளே வைத்தார்கள், கல்லை அது ஆளாகச் சேர்த்துக்கொள்ளவில்லை. மூன்று ஒரிசாப் பிள்ளைகளை ஏற்றினார்கள், மூன்று பேரும் சேர்ந்தே ஒரு ஆள் எடை வரவில்லை. நல்ல கனமான ஆள் ஒருத்தர் வேண்டும் என்று மாடக்கண்ணு சொல்லி வாய் மூடவில்லை, ஊர் மொத்தமும் மேட்டைத் திரும்பிப் பார்த்தது.

"ஏன், என்னையப் பாத்தா எடைக்கல்லு மாதிரி இருக்கா?" என்றாள் சொர்ணக்கிளி. கீரையை ஆய்கிற கை நின்றிருந்தது. "நான் வரமாட்டேன்னு சொல்லல. கூப்பிட வேண்டியவ வாய்க்குள்ள என்ன கொழுக்கட்டையா இருக்கு?"

வடத்தை விட்டவர்கள் இப்போது வீட்டுச் சன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். சாய்ந்த வீட்டுக்குள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த குருவம்மாவுக்குச் சன்னல் வழியாய் மேடு தெரிந்தது, பச்சைப் பாத்தி தெரிந்தது, பாத்திக்குப் பின்னால் சொர்ணக்கிளி தெரிந்தாள். கூப்பிடாவிட்டால் வீடு போகும். ஆனால் குருவம்மா கண்ணில் வந்து நின்றது வீட்டுப் பயம் அல்ல. பிளாண்ட் வாசலில் லாரித் தடத்தில் வெந்த கீரையோடு உட்கார்ந்த அந்த முதுகு. அன்றைக்கு அவள் ஓஸைப் பிடித்தபடி அந்த முதுகைத்தான் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மதினி" என்றாள். வெளியே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நீ அன்னைக்கு லாரிக்கு முன்னால உக்காரலேன்னா தொட்டி ஏது? தொட்டி இல்லேன்னா இந்தக் கல்லு ஏது? உன் பாத்தியிலதான் மதினி இந்த வீடு மொளச்சது. அந்தப் பக்கம் உன் எடம் காலியாக் கெடக்கு. வந்து உக்காரு."

சொர்ணக்கிளி முறத்தைக் கீழே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். நாற்காலி ஒரு பெருமூச்சு விட்டு அவளை எழவிட்டது. அவள் மேட்டை விட்டு இறங்கி நடந்துவருகையில் சனம் தேருக்கு விலகுகிற மாதிரி விலகி வழிவிட்டது. வாசலில் நின்று கதம்பத்தைத் தள்ளிப் பார்த்தாள், உள்ளே வந்தாள், சுற்றிலும் நோட்டம் விட்டாள்.

"அடுப்ப வாசலுக்கு நேரா வச்சிருக்க. கூறு இருக்கா ஒனக்கு?"

சொல்லிவிட்டு எதிர்ச் சுவர் ஓரம் போய்த் தொப்பென்று உட்கார்ந்தாள். வீடு நிமிர்ந்தது.

வெளியே ஒரே சத்தம். மேளக்காரர்களை யார் கூப்பிட்டார்கள் என்று தெரியாது, மேளம் வந்துவிட்டது. குலவை எழும்பியது. வீடு ஆடி ஆடி, அசைந்து அசைந்து, பாத்திரமெல்லாம் சலங்கை மாதிரி குலுங்க, ஓடையை விட்டு ஏறியது. உள்ளே இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் சுவரைப் பார்த்தார்கள். வெயில் பட்டுச் சுவர் சூடேற, ஏலக்காய் வாசமும் வெல்ல வாசமும் கிளம்பியது. சொர்ணக்கிளி சுவரில் விரலைத் தேய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"சுக்கு கம்மி" என்றாள்.

குருவம்மாவுக்கு முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு வயிறு குலுங்கியது. அதைப் பார்த்துச் சொர்ணக்கிளிக்கும் அடக்க முடியவில்லை. அத்தனை வருசத்துச் சிரிப்பும் சேர்ந்து வந்ததில் வீடு ஒரு குதி குதித்தது. வெளியே இழுத்தவர்கள், சாமிக்கு அருள் வந்துவிட்டது என்று இன்னும் ஓங்கி இழுத்தார்கள். அந்த வேகத்தில் வீடு நேரே கீரைப் பாத்தியைப் பார்க்கப் போனது. சன்னலில் எட்டிப் பார்த்த சொர்ணக்கிளி போட்ட சத்தத்தில் மேளமே நின்றுவிட்டது.

"ஏலே மாடக்கண்ணு, எங்கலே பாத்துக்கிட்டு இருக்க, கட்டையப் போடு! சோத்தாங்கைப் பக்கம் போடு, பாத்தி வருது பாரு!"

மாடக்கண்ணு கட்டையைப் போட்டார். வீடு சோற்றாங்கைப் பக்கம் திரும்பியது. இந்தப் பக்கம் போடு என்றாள், இந்தப் பக்கம் திரும்பியது. ஒரு கீரைத் தண்டும் நசுங்காமல் பாத்தியை வலம் வந்து, மேட்டில் ஏறி, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அவள் சொல்லச் சொல்லப் போய், சொர்ணக்கிளி வீட்டு வாசலுக்கு நேர் எதிரே, வாசலும் வாசலும் முகம் பார்க்கிற மாதிரி போய் நின்றுவிட்டது. அப்புறம் எத்தனை இழுத்தும் அசையவில்லை. நிலைக்கு வந்த தேரை மறுபடி இழுக்கக்கூடாது என்று மாடக்கண்ணு நான்கு மூலையிலும் முட்டுக்கட்டையைக் கொடுத்துவிட்டார். எல்லோருக்கும் சுண்டல்.

சர்வேயர் வந்து திரும்ப அளந்தார். சுவரில் அவர் போட்ட சிவப்புக் கோடு மேட்டில் நின்றது, ஓடை ஓடையாய்க் கிடந்தது. சங்கிலியைச் சுருட்டிவைத்துவிட்டு, அவருக்கிருந்த ஒரே சந்தேகத்தைக் கேட்டார்: வீட்டு நம்பர் பழைய நம்பர்தானா? பழையதுதான் என்றாள் குருவம்மா. சரி என்று சொல்லி, ஒரு கை சுண்டல் வாங்கிக்கொண்டு போனார். அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. வீடு இருந்த இடத்தில் தண்ணீர் தன் பாட்டுக்கு, தெளிவாய், பாட்டுப் பாடிக்கொண்டு போனது. இரண்டு பேரும் அவரவர் வாசலில் நின்று அதைப் பார்த்தார்கள். அடுப்பைத் திருப்பி வை என்று இவளும், நீ உன் வாயைத் திருப்பி வை என்று அவளும், மழைச் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டுக்கொண்டு.

இப்போதும் வருசா வருசம் தேரோட்டத்துக்கு மேளம் கேட்டால் அந்த வீடு சும்மா இருக்காது. சட்டிபானையெல்லாம் கிணுகிணுக்க, கட்டிப்போட்ட குதிரை மாதிரி முன்னே முன்னே உன்னும். குருவம்மா ஒரு செம்பு பானகம் கரைத்து வாசற்படியில் ஊற்றி, சும்மா கிட என்று தட்டிக் கொடுப்பாள்.

"கட்டையச் சரியாப் போட்டியாட்டி? ராத்திரியோட ராத்திரியாப் போயிறப் போகுது" என்பாள் சொர்ணக்கிளி எதிர்வாசலிலிருந்து.

"எங்க போகும்? எதிர்த்தாப்புல மலை மாதிரி நீ உக்காந்திருக்க. ஒன்னயத் தாண்டியா?"

அப்படிச் சொல்லிவிட்டுக் குருவம்மா வேலைக்குக் கிளம்பிப் போய்விடுவாள். அவள் தலை மறைந்த பிறகு சொர்ணக்கிளி மெள்ள எழுந்து வருவாள். வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி, நான்கு மூலையிலும் கட்டையைக் காலால் தட்டிப் பார்ப்பாள். ஏதாவது ஒன்று லேசாய் நழுவியிருந்தால் குனிந்து, முக்கி முனகி, நன்றாய் உள்ளே தள்ளிவிடுவாள். அதற்குப் பிறகுதான் கீரை பறிக்கப் போவாள்.